சைபர் போட்டவர்களைத் திருப்பி அனுப்பிய படிவம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் உழவர் குழுவுக்காகக் குறுவை விதை முன்பதிவுக்கான இணையப் படிவம் ஒன்றைப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். பெயர், ஊர், நிலப் பரப்பு, பம்புசெட் எண்ணிக்கை, ஆடுதுறை 43 நெல் ரகம் எத்தனை மூட்டை வேண்டும், நில உரிமை ஆவணமான சிட்டாவின் புகைப்படம் ஆகியவற்றைத்தான் அது கேட்டது. பம்புசெட்டைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்பே நிலத்தடி நீரைக் கொண்டு நாற்றங்கால் விட்டுவிடுகிறவர்களுக்கு விதை முதலில் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு விதைக்கிறவர்களுக்குச் சற்றுப் பொறுத்துக் கொடுத்தாலும் போதும். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் குழு தன் விநியோக அட்டவணையைப் போட இருந்தது.

படிவம் பயன்பாட்டுக்கு வந்த மறுநாளே புகார் வந்தது. சிலருக்கு மட்டும் 'அனைத்து விவரங்களையும் நிரப்பவும்' என்ற சிவப்பு வரி திரும்பத் திரும்ப வருவதாகச் சொன்னார்கள். நான் என் கைபேசியில் பல முறை நிரப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் படிவம் ஏற்றுக்கொண்டது. சிக்னல் சரியாக இருக்காது, கைபேசி பழையதாக இருக்கும், ஏதோ ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நானே காரணங்களைக் கற்பித்துக்கொண்டு இரண்டு நாள்களை வீணாக்கினேன். நிரல் எழுதுகிறவர்களுக்குப் பயனரைக் குறை சொல்வது எப்போதும் எளிதாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பெரியவர் ஒருவர் கைபேசியோடு நேரிலேயே வந்துவிட்டார். என் கண் முன்னாலேயே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பம்புசெட் என்ற இடத்தில் 0 என்று இட்டார். "நமக்கு ஆத்துத் தண்ணிதான் தம்பி, அதான் சைபர் போட்டேன்" என்றார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அதே சிவப்பு வரி வந்து நின்றது. ஒரு கட்டமும் காலியாக இல்லை.

அவர் போன பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சரிபார்ப்பு தொடங்குவதற்கு முன், படிவத்திலிருந்து வந்து சேர்ந்த மதிப்புகள் முழுவதையும் அப்படியே ஒரு பதிவுக் கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். (அந்தக் கோப்பு இணையத்திலிருந்து திறக்க முடியாத அடைவில் இருக்க வேண்டும், தொலைபேசி எண்களை மறைத்து எழுத வேண்டும், வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.) கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தலைமதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பதைப் போன்றதே இந்த வேலை. உலாவியே அனுப்பாமல் விட்டிருக்கலாம்: நிரலில் பெயர் (நேம்) கொடுக்காத கட்டமும், முடக்கி வைத்த கட்டமும், டிக் செய்யாத தேர்வுப் பெட்டியும் சர்வருக்குப் போவதே இல்லை. வழியில் தொலைந்திருக்கலாம்: எச்டிடிபி முகவரிக்கு அனுப்பியதை எச்டிடிபிஎஸ் முகவரிக்கு 301 அல்லது 302 என்ற குறியீட்டைக் கொண்டு திருப்பிவிட்டால், உலாவிகள் தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கையாக மாற்றி, உள்ளே இருந்ததை உதிர்த்துவிடும். என் பதிவுக் கோப்பிலோ பம்புசெட் என்ற பெயருக்கு எதிரே '0' என்ற மதிப்பு ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. ஆகவே உலாவியின் மீதும் வழியின் மீதும் குற்றமில்லை. தண்ணீரை அடைத்தது என் நிரல்தான்.

கட்டம் காலியா என்று பார்க்க நான் பயன்படுத்தியிருந்தது 'எம்ப்டி' என்ற சோதனை. பிஎச்பியில் அது வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) மட்டும் காலி என்று சொல்வதில்லை. '0' என்ற ஒற்றைச் சரத்தையும் காலி என்றே சொல்லும். ஆனால் '00' என்பதோ '0.0' என்பதோ அதற்குக் காலி அல்ல. இது புரிந்ததும் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. ஆற்றுப் பாசனக்காரர்களில் ஓரிருவருடைய பதிவு மட்டும் எப்படி ஏற்கப்பட்டது என்று குழம்பியிருந்தேன். கணக்கு நோட்டில் எழுதும் பழக்கத்தில் அவர்கள் 00 என்று போட்டிருந்தார்கள். நான் ஏன் ஒரு முறைகூடச் சிக்கவில்லை என்பதும் தெரிந்தது: எங்கள் வீட்டில் ஒரு பம்புசெட் உண்டு, ஒவ்வொரு சோதனையிலும் 1 என்றே இட்டிருந்தேன்.

திருத்தும்போது மறுபடியும் அதே குழியில் விழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'எம்ப்டி'யை நீக்கிவிட்டு, முழு எண்தானா என்று பார்க்க 'ஃபில்டர் வார்' செயற்கூற்றைப் போட்டு, அது பொய் என்றால் பிழை காட்டு என்று எழுதினேன். சரியான எண் வந்தால் அந்தச் செயற்கூறு அந்த எண்ணையே திருப்பித் தரும்; இல்லையென்றால் 'பொய்' என்ற மதிப்பைத் தரும். வந்தது 0 என்றால் 0 திரும்பும். பிஎச்பி அதையும் பொய் என்றே எடுத்துக்கொள்ளும். மூன்று சமக்குறிகளால் 'பொய்' என்ற மதிப்போடு துல்லியமாக ஒப்பிட்ட பிறகுதான் படிவம் சைபரை ஏற்றுக்கொண்டது.

அதோடு தீரவில்லை. வேறு சிலருக்கு 'ஊரின் பெயர் மிக நீளம்' என்று வந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதைக் கவனித்தவுடன் சிரிப்புத்தான் வந்தது. திருத்துறைப்பூண்டி என்பது நம் கணக்கில் 9 எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாகக் கொள்ளும் யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 18. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுத்துக்கொள்வதால், பைட் கணக்கில் 54. நான் வைத்திருந்த எல்லை 50. 'எஸ்டிஆர்லென்' செயற்கூறு எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. திருவாரூருக்கு 30, மன்னார்குடிக்கு 33 என்று மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ள, திருத்துறைப்பூண்டி மட்டும் அகப்பட்டுக்கொண்டது. அங்கும் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குத் தடை இல்லை. ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதியவர்களுக்கே தண்டனை. உலாவியிலும் அதே 50 என்ற எல்லையைத்தான் வைத்திருந்தேன், ஆனால் உலாவியின் கணக்கில் இந்தப் பெயர் 18 என்பதால் அது மறுக்கவில்லை. குறியீடுகளை எண்ணும் 'எம்பி எஸ்டிஆர்லென்' என்று மாற்றியதும் இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. தமிழில் நிரப்பப்படும் எந்தப் படிவத்திலும் வெறும் 'எஸ்டிஆர்லென்'னைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

சிட்டாப் புகைப்படத்தால் வந்த சிக்கல் வேறு விதம். பெரிய படங்களை இணைத்தவர்களுக்குப் படம் மட்டுமல்ல, பெயர் முதல் மூட்டை வரை எல்லாமே காலியாக வந்து சேர்ந்தன. அனுப்பியதன் மொத்த அளவு பிஎச்பி அமைப்பில் உள்ள 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' எல்லையைத் தாண்டினால், பிஎச்பி எதையும் பிரித்துக் கொடுக்காது. அந்த எல்லை இயல்பாக 8 மெகாபைட். ஒற்றைக் கோப்புக்கான எல்லை 2 மெகாபைட். வந்த கோரிக்கை போஸ்ட், உள்ளடக்க நீளம் பூஜ்யத்துக்கு மேல், மதிப்புகளோ ஒன்றுமில்லை என்று மூன்றும் சேர்ந்திருந்தால், 'படம் மிகப் பெரியது' என்று சொல்ல வேண்டுமே தவிர, 'பெயரை நிரப்பவும்' என்று சொல்லக் கூடாது.

நிலப் பரப்பை ஏக்கரில் கேட்டதும் என் தவறுதான். இங்கே பேச்சில் இன்றும் மா கணக்கு உண்டு; மூன்று மா ஓர் ஏக்கர். '2 மா' என்று வந்ததை எண்ணாக மாற்றச் சொன்னால் பிஎச்பி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 2 என்று எடுத்துக்கொள்ளும், அது 2 ஏக்கராகப் பதிவாகும். 'ஒன்றரை மா' என்று எழுதினால் 0. எண்ணுக்குப் பக்கத்தில் மாவா ஏக்கரா என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியலை வைத்தேன்.

இவை எல்லாவற்றையும் நிரலில் சரிசெய்துவிட முடிந்தது. ஏற்கெனவே பதிவாகிவிட்டவற்றைச் சரிசெய்ய நிரல் உதவவில்லை. சைபரைப் படிவம் ஏற்கவில்லை என்ற செய்தி டீக்கடை வரை பரவி, பம்புசெட் இல்லாதவர்கள் பலர் 1 என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். உண்மையான 1 எது, என் நிரலின் நெருக்கடிக்காகப் போட்ட 1 எது என்று தரவுத்தளத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. விதை விநியோகம் தொடங்குவதற்குள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1 போட்ட ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் எடுத்த அம்மா, கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் சொல்லிவிட்டார்: "எங்களுக்கு ஏது தம்பி பம்புசெட்டு? அது விடமாட்டேன்னுச்சு, அதான் ஒண்ணு போட்டேன்."