குச்சி ஐஸும் கட்டித் தயிரும்: மே மாச டைரி

மே 3, சனி
ஸ்கூல் லீவு விட்டாச்சு, மத்தியானம் ஐஸ் வண்டி மணி கேட்டா போதும் மக வாசலுக்கு ஒரே ஓட்டம், அது கலரும் சீனியும்தாண்டின்னு எத்தன மட்டம் சொன்னாலும் காதுல ஏறல. சரி நாமளே செஞ்சி குடுப்போம்னு மார்த்தாண்டத்துல ஆறு குழி உள்ள மோல்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வீட்டுத் தயிர், நாலு மட்டிப்பழம் (எங்க கன்னியாகுமரிப் பக்கத்து சின்ன வாழப்பழம்), கொஞ்சம் தேன், மிக்சில ஒரு அடி, ஃப்ரீசர்ல வச்சாச்சு. இவ்வளவுதானான்னு கெத்து வேற.

மே 4, ஞாயிறு
கெத்து போச்சு. சரியான கல்லு. மக ஒரு கடி கடிச்சி பல்லு கூசுதுன்னு வச்சிட்டா. ஒடச்சி பாத்தா ஊசி ஊசியா ஐஸ், நடுவுல வெள்ளையா தயிர் தனியா உதிருது. இனிப்பும் பத்தல, மிக்சில நக்கி பாக்கும்போ சரியாதான் இருந்துச்சு, ஆனா நாக்கு சில்லுன்னு ஆனா இனிப்பு கொறஞ்சிதான் தெரியும். அம்மா சொன்னா, "தயிர தண்ணியோட வச்சா கல்லாவாம என்ன ஆவும் மக்களே?"

மே 5, திங்கள்
அம்மா சொன்னது சரிதான். ஒரு லிட்டர் பால்ல ஒறை ஊத்துன தயிர, பழைய வேட்டித் துணில கட்டி சிங்க் பைப்புல தொங்க விட்டேன், கீழ ஒரு சட்டி. சொட்டு சொட்டா ராத்திரி வரைக்கும், நாலு மணி நேரத்துல தயிர் பாதிக்கு பாதி ஆயிட்டு, துணிய பிரிச்சா கரண்டில எடுத்தா விழாத கட்டி. சட்டில இறங்குன தண்ணிய கொட்டல, சப்பாத்தி மாவுக்கு ஊத்தியாச்சு. நல்லா கருத்து புள்ளி விழுந்த மட்டிப்பழமா பாத்து சேத்தேன், எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டா நெறம் மாறாது. மோல்ட முழுசா நெறைக்கப்பிடாது, உறைஞ்சா பெருக்கும், போன தடவ மூடி தூக்கிட்டு நின்னுச்சு.
இந்த தடவ ஐஸ்கிரீம் மாதிரியே. மட்டிப்பழம் 2023ல புவிசார் குறியீடு வாங்கினதுன்னு அம்மாகிட்ட சொன்னேன், "குறியீடு இல்லாத காலத்துலயும் அது மணக்கத்தான செஞ்சுது"ன்னுட்டா.

மே 7, புதன்
ரப்பர் தோட்டத்துல ஊடுபயிரா போட்ட கைதச்சக்கை, அதான் அன்னாசிப்பழம், ஒண்ணு பக்கத்து வீட்டுல குடுத்தாங்க. ஆசையா அரைச்சி தயிர்ல கலக்கி வச்சா, அய்யோ கசப்பு! தயிர் கெட்டுப்போச்சான்னு முழிச்சேன். தயிர் மேல தப்பில்ல, பச்ச கைதச்சக்கைல ப்ரோமலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது பால் புரதத்த ஒடைக்கும், அதான் கசக்குது. பப்பாளியும் இதே கேசுதான். அப்புறம் மிச்சத்த துண்டு துண்டா நறுக்கி ஒரு கொதி விட்டு ஆறவச்சி சேத்தேன், கசப்பே இல்ல. சூட்டுல அந்த என்சைம் செத்துரும்.

மே 11, ஞாயிறு
நாத்தனார் எட்டு மாச கொழந்தையோட வந்திருந்தா. ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது, அதனால அதுக்கு தேன் விடாம பழம் மட்டும் மசிச்சி குடுத்தேன், ஐஸ் எல்லாம் பெரியவங்களுக்கு. தேன் ஹெல்தின்னு நான் கரண்டி கரண்டியா ஊத்திட்டு இருந்தேன், அதுவும் சக்கர கணக்குலதான் சேரும்னு நாத்தனார் ஒரு கொட்டு வச்சா. பழம் நல்லா பழுத்திருந்தா தேனே வேண்டாம். வருக்கச் சக்க (பலாப்பழம்) சுளைய கொட்ட எடுத்து சும்மா அப்படியே ஃப்ரீசர்ல போட்டேன், ரெண்டு மணி நேரத்துல எடுத்து தின்னா எந்த ஐஸும் கிட்ட நிக்காது. இதுக்கு மோல்டும் வேண்டாம் தயிரும் வேண்டாம்.

மே 13, செவ்வாய்
சாயங்காலம் இடி மழ, கரண்ட் போனது ராத்திரி ஒம்பதர வரைக்கும் வரல. ஆறு குச்சியும் கொழகொழன்னு ஆயிட்டு. திரும்ப உறைய வச்சா பழைய ஊசி ஐஸ்தான் வரும், கெட்டும் போகலாம், அதனால மெழுகுவர்த்தி வெளிச்சத்துல டம்ளர்ல ஊத்தி ஆளுக்கு கொஞ்சமா குடிச்சோம். அம்மா ஒரு மொடக்கு குடிச்சிட்டு என்ன பாத்தா, "ஏ மக்களே, இது பண்டு நாங்க குடிச்ச பழமும் தயிரும்தானே, இதுக்கா பத்து நாளா துணிய கட்டி தொங்கவிட்ட?"
மோல்ட கழுவி கவுத்து வச்சிருக்கேன். நாளைக்கு கரண்ட் இருந்தா சக்க.