சுண்ணாம்புச் சுவர், ரெட் ஆக்சைடு தரை, ஷேட் கார்டு

பழைய வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த பிறகும், கூடத்துச் சுவரில் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து மேலே ஏறும் பட்டை இன்னும் தெரிகிறது. அடித்தது ஒரே டப்பா பெயிண்ட், இரண்டு கோட். வயரிங்குக்காகக் காடி வெட்டிச் சிமென்ட் வைத்து அடைத்த இடம் அது. சுற்றிலும் இருப்பது சுண்ணாம்புக் காரை. இரண்டும் பெயிண்டை உறிஞ்சும் வேகம் வேறு, போதாததற்குப் புதுச் சிமென்ட்டின் காரத்தன்மை வேறு. "பட்டி பார்த்தா மறைஞ்சிடும் சார்" என்றார் பெயிண்டர். அந்தப் பட்டைக்கு மட்டும் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மெல்லிய பூச்சு) பார்த்தால் எங்கே மறையும்? அடைத்த இடம் நான்கு வாரமாவது காய வேண்டும். பிறகு மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் பட்டி, உப்புத்தாள், அடிப்பூச்சாகப் பிரைமர். இதெல்லாம் முடியும்வரை, கம்பெனியின் நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. சுவர் தயாராகாமல் அடித்துப் பார்க்கும் எந்தச் சாம்பிளும் பொய் சொல்லும்.

பழைய வெள்ளையடிப்பு மேலேயே எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்) அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டினால் சுரண்டித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் எமல்ஷன் காயும்போது இழுத்து, பழைய சுண்ணாம்பையும் சேர்த்துத் தோலாக உரித்துக்கொண்டு வரும்.

இனி நிறம். ஷேட் கார்டின் விரல் அகலத் துண்டில் வெளிறித் தெரியும் நிறம், நான்கு சுவரிலும் ஏறினால் ஒன்றன் சாயல் இன்னொன்றில் பட்டு அடர்ந்துவிடும். மனதில் பிடித்ததற்கு ஒரு படி வெளிர் நிறத்தை எடுங்கள். 200 மில்லி சாம்பிள் டப்பா கிடைக்கிறது. அதைச் சுவரிலேயே அடிக்காமல், பிரைமர் அடித்த இரண்டடி ஹார்ட்போர்டு அட்டையில் இரண்டு கோட் அடித்து, ரேழி, கூடம், உள் அறை என்று நகர்த்திப் பாருங்கள். காய்ந்த பிறகுதான் பேச்சு. சுண்ணாம்பு ஈரத்தில் அடர்ந்திருந்து காய்ந்தால் வெளுக்கும்; எமல்ஷன் நேர்மாறு, காய்ந்தால் அடரும். சுண்ணாம்பில் கை பழகியவர்கள் ஈரத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் டார்க்கா போடலாம்" என்பார்கள். கேட்காதீர்கள்.

அட்டையைத் தரையோடு ஒட்டி நிறுத்திப் பார்ப்பது இன்னும் முக்கியம். ரெட் ஆக்சைடு தரை மேல் முற்றத்து வெயில் விழுந்தால், சுவரின் கீழ் மூன்றடி ரோஜா நிறம் வாங்கிக்கொள்ளும். சாம்பல் கலந்த வெள்ளை அங்கே கத்தரிப்பூ சாயலுக்குப் போய்விடுகிறது. மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை அந்தச் சிவப்போடு ஒத்துப்போகும். ராத்திரிக்கு எந்த பல்பு என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.யில் சோகை பிடித்தது போலத் தெரியும் கிரீம், மஞ்சள் வெளிச்சமான 3000 கெல்வினில் உயிரோடு இருக்கும்.

பளபளப்பு விஷயத்தில் கடைக்காரர், பெயிண்டர் இருவரும் ஒரே கட்சி: "ஷீன் போடுங்க, துடைக்கலாம்." பழைய சுவர் மேடு பள்ளமாக இருக்கும், சுவரில் பொருத்திய டியூப்லைட் வெளிச்சம் சாய்வாக விழுந்தால் ஷீன் ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். சமையலறை தவிர எல்லா இடத்துக்கும் பளபளப்பில்லாத மேட் பெயிண்ட். பள்ளத்தை ஒயிட் சிமென்ட் பட்டியால் நிரப்பவும் முடியாது. மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும்.

இப்போதும் வயிறு எரிவது, கேட்ட நிறத்தைக் கலந்து தரும் டின்டிங் கடையில். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்து 380. டப்பாவில் லிட்டருக்கு 120, 140 சதுர அடி என்று போட்டிருப்பது வழவழப்பான சுவருக்கு. பழைய சுவருக்கு, இரண்டு கோட்டுக்கு, 100 என்று வையுங்கள்; கிட்டத்தட்ட 4 லிட்டர். ஆனால் அடர் நிறங்களுக்கான பேஸ் (கலர் சேர்க்கும் முன் உள்ள பெயிண்ட்) பல கம்பெனிகளில் 3.6 லிட்டர்தான் வரும். அதனால் கடைசிச் சுவரில் பற்றாக்குறை. மறுபடி போய் ஒரு லிட்டர் கேட்டால், கோடு நம்பர் அதேதான், பேஸ் வேறு. கடைப் பையன் "காஞ்சா ஒண்ணாயிடும்" என்று மூடியைத் தட்டிக் கொடுத்தான். ஆகவில்லை. கலர் கலந்ததைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வையுங்கள்: பெயிண்டின் முழுப் பெயர், கோடு நம்பர், பேஸ், கலவை அளவு நான்கும் வேண்டும். ஒரு அறைக்கான டப்பாக்களை ஒரே நாளில் வாங்கி, பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கலந்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். கூடக் குறைய வந்து முழுச் சுவரும் அடிக்க முடியாமல் போனால், நிறம் மாறுவது மூலையில் இருக்கட்டும், சுவர் நடுவில் வேண்டாம்.

அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆசை இருந்தால் மூன்று நான்கு கோட்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள். அந்த நிறங்களுக்கு மறைக்கும் சக்தி குறைவு.

ஓதம் ஏறும் பின்கட்டு அறையில் மட்டும் நிறம் தேடும் தொல்லை இல்லை. பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டால், சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தது. அந்தச் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பொரிந்து உப்புப் பூக்கும். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து அடித்தாயிற்று. அடர் நிறம் வராது. வெளிர் மஞ்சள் வரும், வெயிலில் வெளுக்காது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டாமலிருக்க வச்சிரப் பசையை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சிச் சேர்க்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.