அரை மாத்திரையும் இரண்டு சிலிண்டரும்

போன வாரம் எங்களுக்குப் பயிற்சி தந்த குழந்தைகள் ஐசியு டாக்டர் சாருக்குப் பணி ஓய்வு. மதுரையில் விழா வைத்திருந்தார்கள், எனக்கு நைட் டூட்டி, போக முடியவில்லை. கீழக்கரையைத் தாண்டி ஏர்வாடி, சாயல்குடி என்று போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் நான் ஸ்டாஃப் நர்ஸ். விழாவில் சாரின் பட்டங்களைப் பற்றியும் அவர் உருவாக்கிய வார்டைப் பற்றியும் பேசியிருப்பார்கள். பேச வேண்டியதுதான். குழந்தைகளுக்கென்று தனி ஐசியு நம் பக்கம் அரிதாக இருந்த காலத்தில் அந்த வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் அதிலேயே கிடந்த மனிதர். ஆனால் நான் பார்த்த சார் வேறு, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2014இல் ராமநாதபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர்களை எழுப்பிப் பின்னால் போகச் சொல்லிவிட்டு எங்களை முன்னால் கூப்பிட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளையை முதல்ல தொடப்போறது சிஸ்டர்தான், அவங்க முன்னாடி வரட்டும்" என்றார். கையில் ஒரு ரப்பர் பொம்மை, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக், மாஸ்க், வேறொன்றும் இல்லை. நான் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தேன். என் மூன்று விரலும் பொம்மையின் தாடைக்கு அடியில் சதையில் இருந்தன. அதை எடுத்து எலும்பின் மேல் வைத்தார். சதையை அழுத்தினால் நாக்கு மேலே போய் மூச்சுவழி அடைத்துவிடும், காப்பாற்றுகிற கையே அடைத்துவிடும் என்றார். பையையும் முழுசாகப் பிழியக் கூடாது, காற்று வயிற்றுக்குப் போகும். மார்பு எழும்பினால் போதும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ வந்து மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும் வழியைக் கொண்டுவந்தார், மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாகக் கையாலேயே பையை அழுத்தி உயிர்களைக் காப்பாற்றினார்கள் என்ற கதையையும் அப்போதுதான் சொன்னார். ஐசியு பிறந்தது அங்கேதான் என்றார்.

சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் மட்டும் அவரிடம் போனேன். அதற்கு முந்தின வருஷம் நடந்தது. நாலு மாதக் குழந்தை, சளி, காய்ச்சல். பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார்கள். மெல்ல முனகிக்கொண்டிருந்தது. பால் இல்லாமல் அழுகிறது என்று நினைத்துவிட்டேன், நினைத்ததோடு நிற்காமல் அந்தத் தாயிடமும் அப்படியே சொன்னேன். நெபுலைசர் வைத்து அனுப்பினோம். குழந்தை வீடு திரும்பவில்லை. சார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தானே அந்தக் குழந்தையைப் போல முனகிக் காட்டினார். மூச்சை விடுகிற ஒவ்வொரு முறையும், முடிவில் ஒரு சின்ன "ம்ம்". நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கத் தொண்டையை மூடி அந்தப் பிள்ளை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது, அது அழுகை இல்லை. "சட்டையைத் தூக்கிப் பாருங்க, மூச்சை ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க." மறுநாள் காலையில் வகுப்பு முழுவதையும் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார், என் பெயரைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் மறக்கவே மாட்டேன். ஷாக்கில், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் இருக்கும் குழந்தைக்கு மளமளவென்று சலைன் ஏற்றுங்கள் என்றுதான் எத்தனையோ வருஷம் கற்பித்ததாகவும், 2011க்குப் பிறகு அதை மாற்றிக்கொண்டதாகவும் எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த வருஷம் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்தவர்களில் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்கள் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் ஏழு பேர். நம் ஊர் டெங்கு ஷாக்குக்குத் திரவம் வேண்டும்தான், ஆனால் ஏற்றிவிட்டு நகராதீர்கள், திரவம் கூடிப்போனால் ஈரல் வீங்கும், ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள் என்றார். இத்தனை பேருக்கு முன்னால் தன் பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ள எத்தனை வாத்தியார்கள் முன்வருவார்கள்?

அது இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு உதவியது. பனை மட்டை அடுக்கில் கை விட்ட ஆறு வயசுப் பையனைச் சிவப்புத் தேள் கொட்டிவிட்டது. வரும்போது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, கால் ஐஸ் மாதிரி, ஒரே வாந்தி. மூச்சு நிமிஷத்துக்கு 52. ஈரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கிக் கைக்குத் தட்டுப்பட்டது. இந்த விஷம் இதயத்தைக் களைக்க வைத்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும், அந்த நேரத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் பிள்ளை அதிலேயே மூழ்கிவிடும். டூட்டி டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் டாக்டர் பவாஸ்கர் 1980களிலேயே காட்டிய வழி இருக்கிறதே, பிளட் பிரஷருக்கான பிரசோசின். கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், பையன் 17 கிலோ, ஒரு மில்லிகிராம் மாத்திரையில் பாதி. கொடுத்துவிட்டால் பையனைத் தூக்கக் கூடாது, பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். அவன் அம்மா மடியில் போட்டுக்கொள்ளத் தவித்தாள். நான் அவள் கையைப் பிடித்துப் பையன் தலைமாட்டிலேயே உட்கார வைத்தேன்.

வெளியே அவன் மாமா சத்தம் போட்டார். "பிள்ளை செத்துக்கிட்டு இருக்கு, ஒரு குளுக்கோஸ்கூட ஏத்தாம நிக்கிறீகளே!" அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று அவருக்கு யார் பழக்கினார்கள்? நாங்கள்தானே.

ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது. அன்றைக்கு மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். சார் சொல்லிக்கொடுத்த கணக்கை அட்மிஷன் சீட்டின் பின்பக்கம் போட்டேன். சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரில் 1500 லிட்டர், நிமிஷத்துக்கு 10 லிட்டர், அப்படியானால் 150 நிமிஷம். எங்கள் ஊரிலிருந்து ரோடு இரண்டரை மணி நேரம், அதுவும் 150 நிமிஷம். வழியில் ஒரு ரயில்வே கேட் அடைத்திருந்தால்? இரண்டாவது சிலிண்டரை ஏற்றினோம். பரமக்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அரை மணி நேரம் வண்டி நின்றது, லாரி கவிழ்ந்திருந்தது. மதுரைக்குக் கொஞ்சம் முன்னால் முதல் சிலிண்டர் முள் கீழே வந்தது, மாற்றினோம். ஆறாம் நாள் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

நேற்று சாருக்குப் போன் செய்து விழாவுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அடுத்த மாதம் தொண்டியில் இரண்டு நாள் வகுப்பு, முப்பது சிஸ்டர்கள் வருகிறார்கள், நீங்களும் சொல்லித்தர வர வேண்டும் என்றார். அப்புறம், பொம்மைக்குக் கழுத்து கிழிந்துவிட்டதாம், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பசை ரப்பருக்குப் பிடிக்குமா என்று கேட்டார். இன்றைக்குக் கீழக்கரை பஜாரில் ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன்.