செத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தொடர்கள்

க்ரைம் தொடர்களை நிறையப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கொலைகாரன் யார் என்பதில் சுவாரசியம் போய்விடும். எட்டு எபிசோடு என்றால் மூன்றாவதில் மாட்டுகிறவன் கண்டிப்பாக அவன் இல்லை. எல்லாருக்கும் ஓடி ஓடி உதவி செய்கிற பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். பெயர்பெற்ற நடிகர் ஒருவர் துக்கடா வேடத்தில் தலைகாட்டினாரென்றால் மிச்சத்தைப் பார்க்கவே வேண்டாம். அதனால் ஒரு தொடரைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்ய எனக்கு இப்போது ஒரே ஒரு சோதனைதான். போலீஸ் போய் செத்தவர் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது கேமராவும் கூடவே கிளம்பிவிடுகிறதா, இல்லை அந்த வீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறதா?

பெரும்பாலான தொடர்களில் கிளம்பிவிடும். அம்மா ஒரு முறை கதறுவார், அடுத்த காட்சியில் பிணவறை டாக்டர் நகக்கண்ணில் என்ன கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். கிளம்பாத சிலவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முடிச்சு எதையும் அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் டென்மார்க்கின் 'ஃபோர்ப்ரிடெல்சன்'. இங்கிலீஷில் 'தி கில்லிங்' என்று தேடினால் கிடைக்கும், ஆனால் அதே பெயரில் அமெரிக்க ரீமேக் ஒன்றும் இருக்கிறது, அது வேறு. டேனிஷ் மூலம் 2007இல் அந்த நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான டிஆரில் வந்தது. நன்னா என்கிற 19 வயதுப் பெண்ணின் கொலை, அதற்கு 20 எபிசோடு, ஒவ்வொரு எபிசோடும் விசாரணையின் ஒரு நாள். ஒரே கொலைக்கு 20 மணி நேரமா என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் பாதிக்குப் பாதி போலீஸுக்கே போகவில்லை. கோபன்ஹேகன் மேயர் தேர்தல் ஒரு பக்கம் ஓடுகிறது, இன்னொரு பக்கம் நன்னாவின் அப்பா அம்மா. அவர்கள் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் தொழில் நடத்துகிறவர்கள். நன்னாவுக்குக் கீழே இரண்டு சின்னத் தம்பிகள். மகள் போய்விட்டாள் என்பதற்காகத் தொழிலுக்கு வருகிற போன் நிற்காது, பையன்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. குடும்பத்துக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வாங்கிப் போட்டிருந்த ஒரு வீட்டின் பணப் பிரச்சினை வேறு இத்தனைக்கும் நடுவில் வந்து நிற்கும். இழவு வீட்டில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இன்னொரு தொடரை நான் பார்த்ததில்லை.

விசாரிக்கிற சாரா லுண்டாக சோஃபி க்ரோபோல். வேலையை விட்டு ஸ்வீடனுக்குக் குடிபோகும் கடைசி நாளில் இந்தக் கேஸ் கையில் வந்து விழுகிறது. அந்த அம்மாள் போட்டிருக்கும் ஃபாரோ தீவுக் கம்பளி ஸ்வெட்டர் பிரிட்டனில் தொடர் அளவுக்கே பிரபலமாகிவிட்டது. 2011இல் பிபிசி ஃபோர் சப்டைட்டிலோடு ஒளிபரப்பியது, அதே வருடம் பாஃப்டா விருதும் வாங்கியது. அமெரிக்க ரீமேக்கும் அந்த வருடம்தான் வந்தது, சியாட்டில் மழையோடு. நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் சீசன் 13 எபிசோடையும் பார்க்க வைத்துவிட்டுக் கொலைகாரன் யார் என்று சொல்லாமலே முடித்தார்கள், ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். விடைக்கு அடுத்த சீசனின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூலமே இருக்கும்போது அது எதற்கு?

அடுத்தது என் மனதுக்கு மிக நெருக்கமானது, பிபிசியின் 'ஹாப்பி வேலி'. எழுதியவர் சாலி வெய்ன்ரைட், நடப்பது இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில். இதில் செத்தவர் வீடும் போலீஸ்காரர் வீடும் ஒன்றேதான். கேத்தரின் கவுட் என்கிற சார்ஜண்ட், மகளைப் பறிகொடுத்தவர். பலாத்காரத்துக்கு ஆளான மகள் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தற்கொலை செய்துகொள்கிறாள், பேரனைக் கேத்தரின் வளர்க்கிறார். இந்தக் குழந்தை நமக்கு வேண்டாம் என்று சொன்ன கணவரோடு வாழ்க்கை முறிந்துவிட்டது. துப்பறியும் பிரிவில் இருந்தவர், இப்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தெருச் சண்டைகளைத் தீர்க்கிற வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் துணைக்கு இருக்கும் தங்கச்சி ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டவர். இதில் முக்கியமானவற்றை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? உடம்பில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பற்ற வைக்கப் போவதாக மிரட்டும் ஒரு பையனிடம், அவனைப் பேச்சில் நிறுத்தி வைப்பதற்காக, கேத்தரினே தன் குடும்பக் கதையைக் கடகடவென்று ஒப்பிக்கிறார். முதல் எபிசோடின் முதல் சில நிமிஷம் அது. நாலு எபிசோடில் ஃப்ளாஷ்பேக்காக இழுக்கும் விஷயத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுக் கதை மேலே போய்விடுகிறது.

யார் குற்றவாளி என்ற கேள்வியே இதில் பெரிதாகக் கிடையாது. சம்பள உயர்வு கிடைக்காத கணக்கர் ஒருவர் முதலாளியின் மகளைக் கடத்த யோசனை சொல்லிக் கொடுக்கிறார், அந்த யோசனையை நம் கண்ணெதிரிலேயே சொல்கிறார். இந்த மனிதர் எந்த நிமிஷத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று நமக்குத்தான் மனது அடித்துக்கொள்கிறது. சாரா லங்காஷையரின் நடிப்பைப் பற்றித் தனிப் பதிவே எழுத வேண்டும். மொத்தம் மூன்று சீசன், ஆறு ஆறு எபிசோடு, 2014, 2016, 2023. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏழு வருட இடைவெளி ஏனென்றால், பேரனாக நடித்த அதே பையன் வளர்வதற்காகக் காத்திருந்தார்கள். தன் அப்பா எப்படிப்பட்டவர் என்பதைத் தானாகவே முடிவு செய்கிற வயது அவனுக்கு வந்தால்தான் கதை நகரும். இங்கே என்றால் வேறு பையனைப் போட்டு 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று ஒரு கார்டைக் காட்டி வேலையை முடித்திருப்போம்.

கொரியாவின் 'சிக்னல்' 2016இல் வந்தது, 16 எபிசோடு. பேட்டரியே இல்லாத ஒரு வாக்கிடாக்கி, இரவு 11.23க்கு உயிர் வந்து, பழைய காலத்தில் இருக்கும் ஒரு துப்பறிவாளரோடு பேச வைக்கும். கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மாயத்தை வைத்துக்கொண்டு இவர்கள் தொட்டது கொலை வழக்குக்குக் காலக்கெடு என்கிற நிஜமான சட்டத்தை. கொரியாவில் ரொம்ப நாள், கொலை நடந்து 15 வருடம் தாண்டிவிட்டால் வழக்குப் போட முடியாது. கொலைகாரனுக்கு அந்தத் தேதி விடுதலை நாள், பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவுக்கு அது என்ன நாள்? காலக்கெடு முடிய நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டேஷன் வாசலிலேயே வருடக்கணக்காக நிற்கும் ஓர் அம்மாவை வைத்துத்தான் தொடரே ஆரம்பிக்கிறது.

இதில் வரும் ஒரு வழக்குக்கு முன்மாதிரி 1986 முதல் 1991 வரை ஹ்வாசாங் பகுதியில் நடந்த தொடர் கொலைகள். பத்துப் பெண்கள். தொடர் வந்தபோது நிஜக் கொலையாளி யாரென்றே தெரியாது. 2019இல் பழைய தடயங்களை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியபோது, வேறொரு கொலைக்காக 1994லிருந்து சிறையில் இருக்கும் ஆயுள் கைதி ஒருவன்தான் என்று தெரிந்தது. காலக்கெடு 2006லேயே முடிந்துவிட்டதால் அந்தக் கொலைகளுக்காக அவன்மேல் வழக்கே போட முடியவில்லை. கொலைக்குக் காலக்கெடுவை 2015இல் நீக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது பொருந்தாது. இதைவிடக் கொடுமை, அந்தப் பத்தில் ஒரு கொலையைச் செய்ததாக அப்பாவி ஒருவர் சுமார் 20 வருடம் சிறையில் இருந்திருக்கிறார். 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. இதெல்லாம் தெரிந்துகொண்டு 'சிக்னல்' பார்த்தால் வாக்கிடாக்கி அவ்வளவு அபத்தமாகத் தெரியாது.

'தி பிரிட்ஜ்' பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தின் நட்டநடுவில், சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஓர் உடல். இந்தப் பக்கத்துப் போலீஸும் அந்தப் பக்கத்துப் போலீஸும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். யோசனை அவ்வளவு பிரமாதம் என்பதால் அமெரிக்கா-மெக்ஸிகோ, பிரிட்டன்-பிரான்ஸ், ஏன், மலேசியா-சிங்கப்பூர் எல்லைக்குக்கூட அந்த உடலைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். ஸ்வீடன் துப்பறிவாளராக வரும் சாகா நொரேன் என்கிற பாத்திரம் அருமை, ஆனால் கொலையாளி போடும் திட்டங்கள் போகப் போக நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும். முதல் இரண்டு சீசன் போதும் என்பேன். டப்பிங்கில் மட்டும் பார்க்காதீர்கள். அவர் டேனிஷில் கேட்க இவர் ஸ்வீடிஷில் பதில் சொல்வதுதான் அதன் ருசி, டப்பிங்கில் இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாகிவிடுவார்கள். வேல்ஸின் 'ஹின்டர்லேண்ட்' இந்த விஷயத்தில் இன்னும் விசேஷம், காட்சிகளை வெல்ஷில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை என்று இரண்டிரண்டு முறை எடுத்தார்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்.

கடைசியாக பிரான்ஸின் 'ஸ்பைரல்', 2005 முதல் 2020 வரை எட்டு சீசன். என் சோதனையில் இது சுத்தமாகத் தோற்றுப்போகும், செத்தவர் வீட்டுப் பக்கமே அதிகம் போகாது. ஆனாலும் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் போலீஸ், அரசு வழக்கறிஞர், விசாரணை நீதிபதி, காசுக்கு யார் பக்கமும் நிற்கும் வக்கீல் என்று ஒரே கேஸை நான்கு பக்கத்திலிருந்தும் இழுப்பதை வேறெங்கும் இவ்வளவு நன்றாகப் பார்க்க முடியாது. அங்கே பெரிய குற்றங்களில் நீதிபதியே விசாரணையை நடத்துவார், போலீஸ் அவரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும், அது பழகவே இரண்டு மூன்று எபிசோடு ஆகும். முதல் சீசனின் தொடக்கத்திலேயே குப்பைமேட்டில் சிதைந்த உடல் ஒன்று வரும், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.