பாட்டை மட்டும் விழித்திருக்கச் செய்த கைபேசி

சோனி எரிக்சன் நிறுவனம் 2005ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய டபிள்யூ800 கைபேசியை இன்றும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1979இல் சோனி தன் கையடக்கக் கேசட் பிளேயருக்குச் சூட்டிய வாக்மேன் என்ற பெயரைத் தாங்கி வந்த முதல் கைபேசி இதுதான். எம்பி3 பாடல்களை ஒலிக்கும் கைபேசிகள் சில ஆண்டுகளுக்கு முன்பே, சாம்சங், சீமென்ஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து வந்துவிட்டன. இருந்தாலும், பாட்டு கேட்பவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்று நான் முழுமனதோடு சொல்லக்கூடியது இந்த வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த கருவியைத்தான்.

பலரும் அதன் நிறத்தையோ 2 மெகாபிக்சல் கேமராவையோ நினைவுகூர்வார்கள். என்னைக் கவர்ந்தது வேறொன்று. கருவியை இயக்கும்போதே, தொலைபேசியாகவும் வேண்டுமா, பாட்டு மட்டும் போதுமா என்று அது கேட்கும். பாட்டு மட்டும் போதும் என்றால், கைபேசிக் கோபுரத்தோடு ஓயாமல் தொடர்புகொள்ளும் வானலைப் பகுதி உறங்கிவிடும். விமானத்திலும் பாட்டு கேட்கலாம். மின்கலமும் நீடிக்கும்: தொலைபேசி இயங்கும்போது 15 மணி நேரம், அணைந்திருக்கும்போது 30 மணி நேரம் என்பது நிறுவனம் அறிவித்த கணக்கு. அழைப்பு வராது என்ற உறுதியோடு ஒரு பாடலைக் கேட்பதற்கும், எப்போது மணி அடிக்குமோ என்ற எண்ணத்தோடு கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது இந்த ஏற்பாடுதான்.

ஹெட்போனிலும் அதே அக்கறை தெரிந்தது. கம்பியின் நடுவே 3.5 மில்லிமீட்டர் இணைப்பு இருந்ததால், காதில் பொருத்தும் பகுதியைக் கழற்றிவிட்டு நமக்குப் பிடித்த வேறொன்றை மாட்டிக்கொள்ள முடிந்தது; பேசுவதற்கான மைக்கோ கைபேசியை ஒட்டிய பாதியிலேயே தங்கிவிடும்.

கூடவே வந்த மெமரி ஸ்டிக் என்ற நினைவக அட்டையின் கொள்ளளவு 512 மெகாபைட். விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் பிடிக்கும் என்பதால், நான்கு நிமிடப் பாடல்களாக இருந்தால் நூற்றிருபதுக்குச் சற்று மேல் அடங்கும். புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமானால் பழையது ஒன்றை நீக்க வேண்டும். எதை நீக்குவது என்று முடிவு செய்வதற்காகவே சில பாடல்களை மீண்டும் முழுமையாகக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டு, நீக்க மனம் வராமல் விட்டவையும் உண்டு. அந்த அட்டையில் கடைசியாகத் தேர்ந்து வைத்த வரிசையை நான் இதுவரை மாற்றவில்லை.