உடைக்கப்பட்டது எண்ணா, இன்ஜினா?

யார்க் நகரிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்' என்ற நீராவி இன்ஜின் நிற்கிறது. செந்நிற உடல், முன்மூக்கிலிருந்து பின்னோக்கி ஓடும் பொன்னிறக் கோடுகள், காற்றைக் கிழித்துச் செல்வதற்காகப் பொருத்திய வளைந்த தகட்டுப் போர்வை, எண் 6229. அதன் எதிரில் நின்றிருந்த நேரம் முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ வேறொரு எண். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அமெரிக்கா சென்றது இதே இன்ஜின்தான். ஆனால் அங்கே அது 6220 என்ற எண்ணையும் 'கொரோனேஷன்' என்ற பெயரையும் தாங்கியிருந்தது. நீல உடலும் வெள்ளிக் கோடுகளுமாகப் பிறந்த அசல் கொரோனேஷன், அந்த ஆண்டுகளில் பிரிட்டனிலேயே டச்சஸின் பெயரோடு ஓடியது. 1943-இல் இரண்டும் தத்தம் பெயருக்குத் திரும்பின. அசல் கொரோனேஷன் 1963-இல் பணியிலிருந்து விலக்கப்பட்டு உடைக்கப்பட்டது. அமெரிக்கா போன 6220 என்ன ஆயிற்று என்று பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு, அது உடைந்துபோயிற்று என்ற விடைதான் கிடைக்கும். அமெரிக்கா போன இரும்போ இன்றும் யார்க்கில் இருக்கிறது.

பிரிட்டிஷ் நீராவி இன்ஜின்கள் எங்கே, எந்த நாளில் உடைக்கப்பட்டன என்ற பட்டியல்களைப் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு வருகிறேன். அவை சொல்வது ஓர் எண்ணின் முடிவைத்தான், ஓர் இன்ஜினின் முடிவை அல்ல என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

டச்சஸாவது தன் பெயருக்குத் திரும்பிவிட்டது. திரும்பாதவையும் உண்டு. 1924-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஸ்விண்டன் பணிமனைக்கு வந்தபோது 4082 'வின்ட்சர் காஸில்' இன்ஜினைத் தம் கையாலேயே ஓட்டினார்; அதன் நினைவாக ஓட்டுநர் அறையில் பித்தளைத் தகடுகள் பொருத்தப்பட்டன. 1952 பிப்ரவரியில் அவருடைய மகன் ஆறாம் ஜார்ஜின் இறுதிப் பயண ரயிலை அதே இன்ஜின் இழுக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அந்நேரம் அது பழுதுபார்ப்பில் கிடந்தது. எனவே 1948-இல் கட்டப்பட்ட 7013 'பிரிஸ்டல் காஸில்' இன்ஜினுக்கு 4082-இன் எண்ணும் பெயரும் நினைவுத் தகடுகளும் மாற்றப்பட்டன. அந்த மாற்றம் பின்னர் சரிசெய்யப்படவே இல்லை. 1960-களில் இரண்டு இன்ஜின்களும் உடைக்கப்பட்டன. மன்னர் ஓட்டிய இன்ஜினின் முடிவைத் தேடுகிறவர் 7013 என்ற வரியைப் பார்க்க வேண்டும். 4082 என்ற வரியைப் பார்ப்பவர், மன்னர் ஓட்டியபோது கட்டப்பட்டேயிராத ஓர் இன்ஜினின் முடிவைத்தான் படிக்கிறார்.

இவை புகழ்பெற்ற இன்ஜின்கள் என்பதால் நமக்குத் தெரிய வந்தன. சாதாரண சரக்கு இன்ஜின்களிலும் பாய்லரும், தண்ணீரும் நிலக்கரியும் சுமக்கும் டெண்டர் பெட்டியும் பணிமனைக்கு வரும்போதெல்லாம் மாறிக்கொண்டேயிருந்தன. பாரம்பரிய ரயில்பாதை ஒன்றின் பணிமனையில் கழற்றி வைத்திருந்த ஓர் இணைப்புத் தண்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கின் அடியில் உளியால் அடித்த ஐந்து இலக்கங்கள் தட்டுப்பட்டன. அவற்றின் குறுக்கே ஒரு கோடு கீறி, பக்கத்தில் வேறு ஐந்து இலக்கங்களை அடித்திருந்தார்கள். முதல் எண்ணுக்குரிய இன்ஜின் எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. அதன் ஒரு துண்டு இன்னும் ஓடுகிறது.

இனி காகிதங்களைப் பார்ப்போம். 1948-இல் ரயில்வே நாட்டுடைமையானபோது சுமார் 20,000 நீராவி இன்ஜின்கள் இருந்தன. 1968 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அங்கே 'ஸ்டாண்டர்டு கேஜ்' எனப்படும் வழக்கமான அளவுப் பாதையில் நீராவியின் கதை முடிந்தது. இத்தனை விரைவாக நடந்த வேலையில் அலுவலகங்கள் கவனமாக எழுதிவைத்தது சொத்துக் கணக்கைத்தான். பணிவிலக்கத் தேதி என்பது, அந்த இன்ஜின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட நாள். கணக்குகள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை முடிக்கப்பட்டதால், அந்தத் தேதி பலமுறை கணக்குக் காலத்தின் கடைசி நாளாகவே அமைந்துவிடும். இன்ஜின் அதற்குச் சில நாள் முன்பே நெருப்பணைந்து நின்றிருக்கலாம். விற்பனைக் கடிதம் இன்ஜினை யார் வாங்கினார் என்று சொல்லும், எங்கே வெட்டினார் என்று சொல்லாது. தண்டுகள் கழற்றப்பட்ட மூன்று நான்கு இன்ஜின்களை ஒன்றாகக் கோத்து மெதுவாக இழுத்துச் செல்லும்போது, அச்சுப்பெட்டி சூடேறி ஒன்றை நடுவழி ஷெட்டில் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. வாங்கியவர் அதை இன்னொரு இரும்பு வியாபாரிக்குக் கைமாற்றிவிடுவதும் உண்டு.

இந்த இடைவெளிகளை நிரப்பியவர்கள் குறிப்பேட்டோடு அலைந்த ரயில் ஆர்வலர்கள். அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மழையில் வேலியோரம் நின்று, எண் பலகை போன இன்ஜினின் பக்கவாட்டில் யாரோ சுண்ணக்கட்டியால் எழுதிய எண்ணைப் படித்துக் குறித்தார்கள். தாம் கண்டதை மட்டும் எழுதியவரையில் அவர்களுடைய குறிப்பைவிட நல்ல சான்று இல்லை. தவறு நுழைந்தது பின்னால்தான். காலியாக விட்டிருந்த கட்டங்களைத் தொகுப்பாளர்கள் ஊகத்தால் நிரப்பினார்கள். பக்கத்து எண்ணுள்ள இன்ஜின் நியூபோர்ட் நகரின் உடைப்புக் களத்துக்குப் போயிருந்தால் இதுவும் அங்கேதான் போயிருக்கும் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த தொகுப்பாளர் அதைப் படியெடுத்தார், அதற்கடுத்தவரும் படியெடுத்தார். இப்போது மூன்று பட்டியல்கள் ஒரே செய்தியைச் சொல்வதைப் பார்த்து நாம் அதை உறுதியென்று கொள்கிறோம். சாட்சி ஒருவர்கூட இல்லை என்பது நம் கண்ணில் படுவதில்லை. சில இன்ஜின்களின் முடிவு பற்றிய குழப்பம், இங்கிலாந்தின் பாக்ஸ் ரயில் சுரங்கப்பாதை அருகே போர்க்காலத் தேவைக்காக நீராவி இன்ஜின்கள் ஒளித்துவைக்கப்பட்டுள்ளன என்ற கட்டுக்கதைக்கும் உரமாயிற்று. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத பட்டியலைக் கண்டால் எனக்கு இப்போது ஐயம்தான் எழுகிறது.

தெற்கு வேல்ஸின் பாரி நகரில் மட்டும் நிலைமை வேறு. அங்கே உட்ஹம் சகோதரர்கள் நிறுவனம் 297 இன்ஜின்களை வாங்கியது. சரக்குப் பெட்டிகளை வெட்டும் வேலையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்ததால் இன்ஜின்கள் கடற்காற்றில் துருப்பிடித்து ஆண்டுக்கணக்கில் நின்றன; அவற்றில் 213 மீட்கப்பட்டன. எல்லாரும் பார்க்கும்படி நின்றதால் அங்கே யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. 1980-இல் பெட்டி வேலை குறைந்தபோது 4156, 92085 என்ற இரண்டு இன்ஜின்கள் வெட்டப்பட்டன. மீட்புக்காகப் பலர் காத்திருந்த காலம் அது என்பதால் அந்தச் செய்தி உடனே பரவியது. அந்த இரண்டு வரிகளைப் படிக்கையில் மனம் கனத்தாலும், அவற்றை நான் ஒருபோதும் ஐயப்பட்டதில்லை.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்கிலிருந்து கழித்த நாள், விற்ற இடம், நேரில் கண்டவர் குறிப்பு என்று மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறேன். மூன்றாவது கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. 7013-க்கு நேரே மட்டும், மன்னர் ஓட்டியது இதுதான் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.