கழிவறைக் கதவில் ஓர் ஆஷ்ட்ரே

என் மாமா மணிக்கு ஒரு சிகரெட் பிடிப்பவர். அவருக்கு 11 மணி நேர விமானப் பயணம் என்றதும் வீட்டில் எல்லோரும் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறவனை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் லைட்டரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாக்கெட்டை விட்டுவிட்டார்கள். அதைத் தடவிக்கொண்டே 2 மணி நேரம் ஓட்டினார். மூன்றாவது மணியில் கழிவறைக்குப் போய்த் திரும்பியவர் முகத்தில் தேர்தலில் ஜெயித்த களை.

"டேய், உள்ளே ஆஷ்ட்ரே இருக்குடா!"

"சும்மா இருங்க மாமா."

"கதவுலயே பதிச்சிருக்கான். பக்கத்துலயே பிடிக்காதேன்னு படமும் ஒட்டியிருக்கான். நான் படத்தை நம்பறதா, ஆஷ்ட்ரேயை நம்பறதா?"

நானே போய்ப் பார்த்தேன். நிஜம்தான். நகத்தால் நெம்பினால் டப்பென்று திறக்கிற சின்ன மூடி. உள்ளே பொட்டுச் சாம்பல் இல்லை, புத்தம் புதுசு. தலைக்கு மேல் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி வேறு.

திரும்பி வருவதற்குள் மாமா பணிப்பெண்ணிடம் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: "பிடிக்கவே கூடாது சார். ஆனா யாராவது திருட்டுத்தனமாப் பிடிச்சா, துண்டை எங்கே போடுவாங்க? காகிதம் நிறைஞ்ச குப்பைத் தொட்டியில. அதுக்குத்தான் இது. கட்டாயம் இருக்கணும்னு விதியே இருக்கு."

திருடாதே என்று சொல்லிவிட்டு, திருடினால் மூட்டையை இங்கே வை என்று இடமும் காட்டுகிற சட்டம்! சிரிப்பு வந்தது. ஆனால் 1973-ல் பாரிஸ் அருகே ஒரு விமானத்தின் கழிவறையில் பிடித்த தீயில் 123 பேர் இறந்தார்கள். அணையாத சிகரெட்டாக இருக்கலாம் என்று சந்தேகம். அதைச் சொன்னதும் மாமா பத்து நிமிடம் பேசவில்லை.

அப்புறம் பேசினார். அந்தக் காலத்தில் பின் வரிசைகளில் உட்கார்ந்து ஊதலாமாம். முன் வரிசைக்காரர்கள் புகை பிடிக்காதவர்கள். நடுவில் சுவரா இருந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. அமெரிக்காவில் 1988-ல் 2 மணி நேரம் வரையிலான உள்நாட்டு விமானங்களில் தடை, 1990-ல் அது 6 மணி நேரம் வரை, 2000-ல்தான் எல்லாவற்றுக்கும் என்றேன்.

"பாத்தியா, அமெரிக்காவே 12 வருஷம் எடுத்துக்கிட்டுத்தான் விட்டிருக்கு. என்னை மட்டும் உங்க அத்தை ஒரே நாள்ல விடச் சொல்றா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஹிண்டன்பர்க் கதையையும் எடுத்துவிட்டேன். 1936-ல் பறக்கத் தொடங்கிய ஆகாயக் கப்பல். தலைக்கு மேலே முழுக்க ஹைட்ரஜன், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் வாயு. அதில் போய்ப் புகைக்கும் அறை வைத்திருந்தார்கள்! வாயு உள்ளே கசியாமலிருக்க அறையில் காற்றழுத்தம் கூடுதல், இரட்டைக் கதவு. பயணிகளின் தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் ஏறும்போதே பறிமுதல். உள்ளே ஒரே ஒரு மின்சார லைட்டர். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், சாமி கதை கேட்பதுபோல.

ஒருவழியாக இறங்கினோம். கட்டடத்துக்குள் எங்கும் கூடாது. வெளியே வந்தால், வாசலிலிருந்து தள்ளிப் போ என்று பலகை. தள்ளுவண்டியோடு அம்புக்குறிகளைத் துரத்திக்கொண்டு ஓடினார். கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், மணல் நிரப்பிய தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தார். சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். மறுபடி சட்டைப் பை.

"டேய், ஹிண்டன்பர்க்ல லைட்டராவது வச்சிருந்தான்டா."